பாட்டுக்குப் பட்டா யார் பேரில்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் சித்தப்பா மகன் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே ஒன்பது பக்கம் இங்கிலீஷ். "அண்ணா, நீ பேங்க்ல கீற. இதுல இன்னா எழுதிகீதுன்னு படிச்சுச் சொல்லு. திங்கக்கெழம கையெழுத்து போடணுமாம்."

அவனுக்கு வயது இருபத்து மூன்று. சாவுக்கு அடிக்கிற செட்டில் பன்னிரண்டு வயதிலிருந்து இருக்கிறான். சட்டி அடிப்பான், பறை அடிப்பான், கிடைத்தால் டிரம்சும் அடிப்பான். சர்ச்சில் கிதார் கற்றுக்கொண்ட ஒரு பையன், காலேஜைப் பாதியில் விட்ட ஒருத்தன், பாட்டுக் கட்டுகிற ஒரு பெண்பிள்ளை, இவன் என்று நாலு பேர் சேர்ந்து இரண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு பேண்டு ஆரம்பித்தார்கள். வேகமாக, சத்தமாக, மூணு நிமிசத்துக்குள் முடிகிற பாட்டுகள். ஒன்றே ஒன்று மட்டும் பதினோரு நிமிசம் போகும். நடுவில் ஒப்பாரி வரும், தாளம் நாலு தடவை மாறும், கிதார் தனியாக எங்கேயோ போய்த் திரும்பி வரும். முதல் வகைக்கு உலகத்தில் பங்க் ராக் என்று பெயர், இரண்டாவதற்குப் புரொகிரசிவ் ராக் என்று பெயர் என்று நான்தான் சொன்னேன். "அப்டியா" என்றான். அவனைப் பொறுத்தவரை இரண்டும் சாவு ஊர்வலம்தான். வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒரு அடி, சுடுகாடு நெருங்கும்போது ஒரு அடி.

ஏழு பாட்டு ரெக்கார்டு பண்ணிவிட்டார்கள். ஆல்பமாக வரப்போகிறது. ஒரு கம்பெனி வெளியிடுகிறதாம். நாற்பதாயிரம் ரூபாய் கொடுக்கிறதாம். அதற்கான காகிதம்தான் இது.

நாலாம் பக்கத்தில் நின்றுவிட்டேன். வரி, மெட்டு, குரல், பதிவு என்று எல்லா உரிமையும் 'நிரந்தரமாக, பிரபஞ்சம் முழுவதும்' கம்பெனிக்கு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, பிரபஞ்சம் என்றேதான் போட்டிருக்கிறது. இந்த மாதிரி ஒப்பந்தங்களில் அது வழக்கமான வாசகம். பூமியில் மூணு சென்ட்டுக்குப் பட்டா இல்லாதவனிடம் பிரபஞ்சத்தை எழுதி வாங்குகிறார்கள்.

எழுதிக் கொடுப்பது செங்கல்பட்டுக்காரர்களுக்குப் புதுசு இல்லை. 1891இல் இந்த மாவட்டக் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர், நம்முடைய ஜனங்களின் நிலைமையை நேரில் பார்த்து அரசுக்கு ஒரு குறிப்பு எழுதினார். குடியிருக்கிற மனைகூடச் சொந்தமில்லை, அதனால்தான் இவர்கள் அடிமையாகவே இருக்கிறார்கள் என்பதுதான் அதன் சாரம். 1892இல் அரசாணை வந்தது. சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் என்று கணக்குச் சொல்கிறார்கள். பஞ்சமி நிலம். முதல் பத்து வருசத்துக்கு விற்கக்கூடாது, அடகு வைக்கக்கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு மட்டும்தான் கைமாற்றலாம். இவ்வளவு கறாராக நிபந்தனை போட்டும் நிலம் எங்கே போச்சு? கைநாட்டில் போச்சு. ஒரு கல்யாணச் செலவில், ஒரு பிரசவச் செலவில், படிக்கத் தெரியாதவன் முன்னால் நீட்டின ஒரு காகிதத்தில் போச்சு.

போனதைக் கேட்டபோது என்ன நடந்தது என்பதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் காரணை. பஞ்சமி நிலத்தை மீட்கப் போனவர்கள் அங்கே அம்பேத்கர் சிலையை வைத்தார்கள். சிலையை எடுத்தார்கள். 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் நியாயம் கேட்டுத் திரண்டவர்கள்மேல் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்று இரண்டு பேர் செத்தார்கள். எனக்கு அப்போது ஆறு வயசு. அன்றைக்கு ராத்திரி நைனா வீட்டுக்கு வரவில்லை என்பதும், ஆயா விளக்கை அணைக்கவே விடவில்லை என்பதும்தான் ஞாபகம்.

பாட்டைப் பற்றிப் பேச வந்தவன் எதற்கு நிலத்தில் இறங்குகிறான் என்று தோழர்கள் கேட்கலாம். 'பாட்டும் நிலமே' என்று கவிதை பாட வரவில்லை. பத்திர ஆபீஸ் மொழியில்தான் சொல்கிறேன். சட்டப்படி ஒரு பாட்டு என்பது சொத்து. விற்கலாம், வாடகைக்கு விடலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். எழுதினவர் செத்து அறுபது வருசம் வரைக்கும் அதில் பாத்தியதை உண்டு. நம் தெருவில் பிறக்கிற பிள்ளைக்குப் பிறக்கும்போதே கையில் இருக்கிற சொத்து இது ஒன்றுதான். அதையும் இப்போது அளந்து கல் நட ஆரம்பித்திருக்கிறார்கள்.

2018 ஜனவரி 6ஆம் தேதியை நான் மறக்கமாட்டேன். செங்கல்பட்டில் எலக்ட்ரிக் டிரெயின் பிடித்து, சேத்துப்பட்டில் இறங்கி, கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளி மைதானத்துக்கு நடந்தேன். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கின 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பேண்டின் முதல் மேடை. அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதிபேதமற்ற தமிழர்' என்பதிலிருந்து எடுத்த பெயர். பத்தொன்பது பேர். கானா பாடுகிறவனும் பறை அடிக்கிறவனும் கோட்டு சூட்டுப் போட்டு நின்றார்கள். அந்தப் பக்கம் எலக்ட்ரிக் கிதார், டிரம்ஸ். இந்தப் பக்கம் சட்டி, கட்டமோளம், பறை. இட ஒதுக்கீட்டைப் பற்றி ஒரு பாட்டு, மாட்டுக்கறியைப் பற்றி ஒரு பாட்டு. என் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் முதல் பாட்டுக்கு ஆடவில்லை. இரண்டாவது பாட்டுக்குத் துண்டை இடுப்பில் கட்டினார்.

ராக் இசை எங்கள் கடற்கரைக்கு ஒன்றும் புதுசு இல்லை. கோவளத்தில் 2013இல் ஆரம்பித்து அலைச்சறுக்கு விழாவோடு பேண்டுகள் வந்து வாசித்தன. கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டுகளில் வருசப் பிறப்பு ராத்திரிக்கெல்லாம் கிதார் அலறும். எங்கள் பையன்களும் போயிருக்கிறார்கள், பார்க்கிங்கில் வண்டி பார்க்க. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டுக்கொண்டிருந்த சத்தத்தில் நம் அடியும் சேர்ந்துகொண்டது 2018இல்தான்.

ஆனால் எல்லாவற்றுக்கும் விசிலடிக்கிறவன் இல்லை நான். என் நைனா பறையை ஏரியில் போட்டவர். அது தாத்தாவின் பறை. ஊர்ச் சாவுக்கு ஆள் வந்து கூப்பிட்டால் போகணும், கூலி என்று பேசக்கூடாது, கொடுத்ததை வாங்கிக்கணும். ஒரு நாள் எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தார். தாத்தா ஒரு வருசம் அவரோடு பேசவில்லை. தொண்ணூறுகளில் நம் பத்திரிகைகளில் இதே சண்டை பக்கம் பக்கமாக நடந்தது. பறை இழிவின் சின்னம், கொளுத்து என்று ஒரு கட்சி. அது விடுதலையின் கருவி, எடுத்து அடி என்று இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் நம்மாட்கள்தான். நான் ரொம்ப நாள் நைனா கட்சி. இப்போது எனக்குத் தோன்றுவது வேறு. தோலிலும் இல்லை, குச்சியிலும் இல்லை இழிவு. யார் கூப்பிடுகிறார்கள், மாட்டேன் என்று சொல்ல முடிகிறதா, காசைக் கணக்குப் பண்ணுவது யார் என்பதில்தான் இருக்கிறது. அப்படிப் பார்த்தால், ஸ்பீக்கர் வைத்த மேடையில் கோட்டுப் போட்டு அடித்தாலும், கணக்குப் புத்தகம் ஊரில் இருந்தால் அது ஊர்ச் சாவுதான்.

இதைச் சொன்னபோது ஒரு மார்க்சியத் தோழர் கோபித்துக்கொண்டார். மக்கள் பாட்டுக்கு உரிமையாளன் யார், இது பூர்ஷ்வா பேச்சு என்றார். இன்குலாப் எழுதி, கே.ஏ. குணசேகரன் பாடின 'மனுசங்கடா' ஊர் ஊராகப் போகவில்லையா, யார் உரிமை கேட்டார்கள்? சரிதான் தோழர். எங்கள் வீட்டிலும் கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பதிவு பண்ணித்தான் கேட்டோம். அது இயக்கத்துக்குள்ளே கைமாறின பாட்டு. அதை வைத்து யாரும் செல்போன் விற்கவில்லை. இன்றைக்கு ஒரு பாட்டு கோடிக்கணக்கான பேர் செல்போனில் ஓடுகிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எங்கேயோ ஒரு கணக்கில் காசு விழுகிறது. நாம் உரிமை வேண்டாம் என்று பெருந்தன்மையாக ஒதுங்கினால் அது பொதுவுடைமை ஆகிவிடாது, வேற ஒருத்தன் உடைமை ஆகும்.

எடுத்துக்காட்டுக்கு வெகு தூரம் போக வேண்டாம். 'எஞ்சாய் எஞ்சாமி' 2021 மார்ச்சில் வந்தது. எழுதி, தீயோடு சேர்ந்து பாடினவர் அரக்கோணத்துப் பிள்ளை அறிவு. கேஸ்ட்லெஸ் கலெக்டிவில் நின்றவர், 2019இல் ஆஃப்ரோவோடு சேர்ந்து 'தெருக்குரல்' ஆல்பத்தை வெளியிட்டவர். அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர். அந்தப் பாட்டு அந்தப் பாட்டியின் பாட்டு. நிலத்தைத் திருத்தினவர்களுக்கு நிலம் இல்லாமல் போன கதை. உலகமே ஆடியது. அந்த வருசம் ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அந்தப் பாட்டைச் சொல்லி அட்டைப்படம் போட்டபோது அட்டையில் அறிவு இல்லை. ரஞ்சித் பொதுவில் கேட்டார், பலரும் கேட்டார்கள். பிறகுதான் அறிவுக்கு ஒரு அட்டை வந்தது.

அடுத்த வருசம் நம் வீட்டு வாசலுக்கே வந்தது. 2022 ஜூலை 28. நாற்பத்து நாலாவது செஸ் ஒலிம்பியாட். ஆட்டம் மாமல்லபுரத்துக்குப் பக்கத்துப் பூஞ்சேரியில், தொடக்க விழா சென்னை நேரு விளையாட்டரங்கில். செங்கல்பட்டு முழுக்க வேட்டி கட்டின குதிரை 'தம்பி' கும்பிட்டுக்கொண்டு நின்றது. விழாவில் அந்தப் பாட்டு. தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை. அவர் அப்போது அமெரிக்காவில் இருந்தார் என்று காரணம் சொன்னார்கள், இருக்கட்டும். மாரியம்மாளும் நம் மண்ணின் பெரிய குரல்தான், அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் சில நாளில் அறிவு தன் உழைப்பைத் தானே எழுதி நிரூபிக்க வேண்டி வந்ததே, அதுதான் உறுத்துகிறது. இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வருமானமும் உரிமையும் மூன்று பேருக்கும் சமம் என்றார். 2024 மார்ச்சில் அவரே, மூன்று வருசமாகியும் அந்தப் பாட்டிலிருந்து தங்களில் யாருக்கும் ஒரு பைசா வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆக, சமம்தான்.

பூஞ்சேரியை இன்னொரு காரணத்துக்காகவும் சொல்ல வேண்டும். 2021 தீபாவளி அன்று முதலமைச்சர் அங்கே வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தார். நல்ல காரியம். சுதந்திரம் வந்து எழுபத்து நாலு வருசம் கழித்துத்தான் அந்தக் காகிதம் வந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அடுத்த வருசம் அதே ஊரில் உலகம் வந்து காய் நகர்த்தியது.

பெயர் மறைவது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். கேஸ்ட்லெஸ் கலெக்டிவில் இசைவாணி 2018இல் பாடின ஐயப்பன் பாட்டு ஒன்று உண்டு. ஆம்பிளைகள் கோட்டையாக இருந்த கானாவில் பாடி, 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் வந்தவர். அந்தப் பழைய பாட்டைத் தோண்டி எடுத்து 2024 நவம்பரில் அவரை வசைபாடினார்கள், மிரட்டினார்கள், போலீசில் புகார் கொடுத்தார்கள். வசூல் வரும்போது மறந்துபோகிற பெயர், வழக்கு வரும்போது இனிஷியலோடு ஞாபகம் வருகிறது.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் அமெரிக்கக் கறுப்பர்களிடமிருந்து பெயரை வாங்கிக்கொண்டார்கள். அவர்களுடைய பாட்டுக் கணக்கையும் நாம் வாங்கிப் பார்க்கலாம். 'ஹவுண்ட் டாக்' பாட்டை முதலில் பாடிப் பதிவு பண்ணினது பிக் மாமா தார்ன்டன் என்கிற கறுப்புப் பெண்மணி, 1952இல். நாலு வருசம் கழித்து எல்விஸ் பிரஸ்லி பாடினார். உலகத்துக்கு அது எல்விஸ் பாட்டு. தனக்கு வந்தது ஒரே ஒரு 500 டாலர் செக் என்று அந்தம்மா பிற்காலத்தில் சொன்னார். ராக் இசையின் அஸ்திவாரம் முழுக்க இந்த மாதிரி செக்குகள்தான் கிடக்கின்றன.

இன்னொரு ஐந்நூறும் உண்டு. 1977 ஜனவரியில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பஸ்காக்ஸ் என்கிற பங்க் பேண்டு, வேண்டியவர்களிடம் 500 பவுண்டு கடன் வாங்கி, நாலே பாட்டு ரெக்கார்டு பண்ணி, தாங்களே ஒரு லேபிளுக்குப் பெயர் வைத்து, ஆயிரம் தட்டு அடித்தார்கள். விற்றுத் தீர்ந்து திரும்பத் திரும்ப அடித்து, பதினாறாயிரம் வரை போனது. தலைமுடியைக் குத்திட்டு நிறுத்துவதோ சட்டையில் ஊக்கு குத்துவதோ பங்க் இல்லை. கம்பெனிக்காரன் வாசலில் நிற்காமல் நாமே அச்சடிப்போம் என்றதுதான் பங்க். முந்நூறு பிரதி அடித்து, தபால் தலைக்குக் காசில்லாமல் பஸ்ஸில் எடுத்துப் போய்க் கொடுத்து வருகிற நாம் எல்லோரும் அந்த வகையில் பங்க்தான், கிதார் மட்டும் இல்லை.

அறிவு 2024இல் அம்பாசா பேண்டோடு ஆல்பம் கொண்டுவந்தார். பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. பாட்டுகளைப் பற்றி ஒவ்வொருத்தருக்கும் ஒரு ருசி இருக்கும். எனக்கு அந்த அட்டைத் தலைப்பு போதும். எந்தப் பாட்டியின் பாட்டிலிருந்து பேரனின் பெயர் கழன்று விழுந்ததோ, அந்தப் பாட்டியின் பெயரையே முன்னால் நிறுத்தி, நான் அவளுடைய பேரன் என்று எழுதிவிட்டார். பட்டாவில் இப்படித்தான் போடுவார்கள்: இன்னாருடைய வாரிசு இன்னார். இனி எந்த விழாக் கமிட்டியும் பேரனை விட்டுவிட்டுத் தலைப்பைப் படிக்க முடியாது.

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1957ஆம் வருசத்துப் பதிப்புரிமைச் சட்டத்தை 2012இல் திருத்தினார்கள். பாட்டு எழுதினவரும் மெட்டுப் போட்டவரும் தங்கள் ராயல்டிப் பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது, கொடுத்தாலும் செல்லாது. பஞ்சமி நிபந்தனை மாதிரியேதான். இன்னொன்று: ஒப்பந்தத்தில் காலம் சொல்லாவிட்டால் ஐந்து வருசம்தான் செல்லும், இடம் சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். அதனால்தான் 'நிரந்தரம்', 'பிரபஞ்சம்' என்று மறக்காமல் போடுகிறார்கள். ஐ.பி.ஆர்.எஸ். என்று ஒரு சங்கம் 1969இலிருந்து இருக்கிறது. உறுப்பினராகச் சேர்ந்தால் வரவேண்டிய காசை வசூலித்துத் தரும். எங்கள் பக்கத்தில் கானா கட்டுகிறவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தர்கூட அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. ஒரு மாலைக் கூட்டத்தில் இயக்கம் இதைச் சொல்லிக் கொடுக்கலாம். மேடைக்கு அடிக்கக் கூப்பிடுகிறோம், போஸ்டரில் 'கலைநிகழ்ச்சி' என்று போடுகிறோம். அடித்தவன் பெயரை நாமே போடுவதில்லை, அதையும் ஒத்துக்கொள்ளணும்.

சரி, அந்தக் காகிதத்துக்கு வருகிறேன். எல்லாம் கேட்டுவிட்டுத் தம்பி சொன்னான்: "கையெழுத்து போடாதன்னு சொல்ற. சரிண்ணா. ஸ்டுடியோவுக்கு முப்பத்தஞ்சு பாக்கி. பத்து வட்டிக்கு வாங்கிகீறோம். அத யாரு குடுப்பா?"

எனக்குப் பதில் இல்லை. வேலை பார்க்கிற இடத்தில் மாட்டுக்குக் கடன் உண்டு, டிராக்டருக்கு உண்டு, டீக்கடைக்கு உண்டு. பாட்டை ஈடாகக் காட்டினால் சிரிப்பார்கள், சட்டம் அதைச் சொத்து என்றாலும். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி வந்து, "நகைக்கடனுக்கு எத்தன சவரன் வைக்கணும்?" என்றாள். செவ்வாய்க்கிழமை அவள் சங்கிலியை நானே கொண்டுபோய் வைத்தேன். ஐந்நூறு பவுண்டு கதையை அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்தார்களா என்று கேட்டிருப்பாள்.

ஆல்பத்தை அவர்களே வெளியிடுகிறார்கள். அட்டையில் பெயர்கள் போடுவதைப் பற்றித் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தோம். "அந்தப் பதினோரு நிமிசப் பாட்டுல வர்ற அடி தாத்தாவோடது. எனக்குப் பால் கேன்ல அடிச்சுச் சொல்லிக்குடுத்தாரு. அவர் பேர மொதல்ல போடணும்" என்றான் தம்பி. நைனா கட்டிலில் படுத்திருந்தார். ஏரியில் போட்ட மனுசன். தூங்குகிறார் என்று நினைத்தோம்.

"போடுங்க," என்றார். "காலனின்னு போடாதீங்க. ஊர் பேரப் போடுங்க."

ஒன்பது பக்கக் காகிதம் என் மேசை டிராயரில் கிடக்கிறது. கம்பெனியிலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டதாம்.